இரண்டாவது வெடி

பத்துக் கிலோ பச்சைக் காப்பிக் கொட்டையை வறுக்கும் உருளைக்குள் கொட்டி மூடியைச் சாத்திவிட்டு அர்த்தநாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி ஏழு நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்து ரயிலைப் பிடிக்கலாம், காப்பி வறுக்க முடியுமா என்று ஊரெல்லாம் கேலி பேசிய வாய் இது. முப்பத்தோரு வருஷம் பேசிய வாய். அது இப்போது கப்சிப்பென்று மூடிக்கொண்டிருக்க, கண் மட்டும் பெரிய முள்ளைத் துரத்திக்கொண்டிருந்தது. பதினைந்து நிமிஷம். மழை ஈரம் இருப்பதால் பதினாறு என்று வைத்துக்கொள்ளலாம். கொட்டை வெளுத்து மஞ்சளாவதற்கு நாலைந்து, உள்ளே கொட்டை படபடக்கும் முதல் வெடிக்குப் பத்தரை நிமிஷம், இரண்டாவது வெடிக்குப் பதினைந்து, அதற்குப் பிறகு, அதற்குப் பிறகுதான் தகராறு. இரண்டாவது வெடி தொடங்கிவிட்டால் கடிகாரத்துக்கும் ஒன்றும் தெரியாது, கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. கறுப்பில் நல்ல கறுப்பு எது, கெட்ட கறுப்பு எது? அங்கே மூக்கு ஒன்றுதான் வழி சொல்லும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பாதிப் பேருக்கு அவர் பெயர் அர்த்தநாரி என்றே தெரியாது. மூக்குக்காரர் என்றால்தான் தெரியும். மூக்குக்காரர் கடைக் காப்பித்தூள். தெருமுனையில் நின்றபடியே எந்த வீட்டில் பால் அடிப்பிடித்தது என்று சொல்லிவிடுவார் என்று பேர். அந்த மூக்குக்காரருக்கு ஆனி மாதக் காய்ச்சலுக்குப் பிறகு மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. இது அவருக்குத் தெரியும். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவருக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. தெரியக் கூடாது. இது கார்த்திகை. ஐந்து மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறார்.

உருளை சுழன்றது. கொட்டைகள் உள்ளே கூழாங்கல் போலச் சலசலத்தன. நாலரையாவது நிமிஷம் நீளக் கரண்டியை விட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார். பச்சை போய் மஞ்சள் ஏறியிருந்தது. இந்த நேரத்தில் வைக்கோல் மணம் வரும்; நனைந்து வெயிலில் காய்ந்த வைக்கோல். வரும் என்பது ஞாபகம்தான். கரண்டியை மூக்கருகே கொண்டுபோனார். சூடு வந்தது. ஆவி வந்தது. மூக்கின் நுனியில் ஈரம்கூட வந்து ஒட்டியது. மணம் வரவில்லை. பூட்டிய வீட்டின் கதவைத் தட்டுவது போல இருந்தது. உள்ளே ஆட்கள் தூங்குகிறார்களா, காலிசெய்துகொண்டு போய்விட்டார்களா, யாருக்குத் தெரியும்? வரலாம், வராமலும் போகலாம் என்றார் அந்த டாக்டர். சின்ன வயசு. பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். வரலாம், வராமலும் போகலாம். தூரத்துச் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு வருவதைப் பற்றிச் சொல்வது மாதிரி. இலையைப் போட்டு வைப்பதா, எடுத்துவிடுவதா? தினமும் விடிகாலையில் குளித்துவிட்டுச் சாமி படத்தின் முன்னால் நிற்கும்போது கற்பூர டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார். அதுதான் அவர் போட்டு வைத்திருக்கும் இலை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அவர் எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறார்! சிக்கரி கலந்த தூளுக்கும் கலக்காத தூளுக்கும் வித்தியாசம் கேட்டவர்களை எல்லாம் சொல்லியிருக்கிறார். சில பேரை முகத்துக்கு நேராகவே. இப்போது டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது சாமி படத்தில் சிரிப்பு கொஞ்சம் கூடியிருப்பதாகத் தோன்றுகிறது. சிரிக்கட்டும். தூளைத் தண்ணீரில் கரைத்தால் எது சிக்கரி என்று கண்ணால் கண்டுபிடிக்கலாம். அதைத்தான் செய்கிறார், கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, திருடனைப் போல.

நாக்கு மட்டும் துரோகம் செய்யவில்லை. பாவம், அது தனக்குத் தெரிந்ததை ஒழுங்காகச் சொல்கிறது. இனிப்பு என்கிறது, சூடு என்கிறது, கசப்பு என்கிறது. காலையில் மனைவி செங்கமலம் கொடுக்கும் காப்பியில் இந்த மூன்றும் இருக்கின்றன. ஆனால் மூன்றும் ஒரு வீட்டில் சேர்ந்து இருக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கின்றன. "எப்படிங்க இருக்குது?" என்பாள். "நல்லாருக்கு" என்பார். முப்பது வருஷமாக அவள் கேட்டதில்லை. அவர்தான் கேட்காமலே சொல்வார், பால் நேற்றுப் பால், டிகாக்‌ஷன் இரண்டாம் தடவை இறக்கியது, பாத்திரத்தில் புளிக் குழம்பு வைத்தாயா என்று. அவள் கேட்க ஆரம்பித்தது எப்போது? இப்போதுதான் ஏதோ சில மாதமாக. ஏன் கேட்கிறாள்? வயதானால் பெண்களுக்கு இப்படி வரும் போலிருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல வார்த்தை வேண்டியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமைகூடக் கறிக்குழம்பு வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "இதுல புதுசா ஒண்ணு போட்டிருக்கறேன். என்னன்னு சொல்லுங்க பாப்பம்." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். காரம் இருந்தது, உப்பு இருந்தது, அடியில் ஏதோ ஒரு கசப்பு நூல் போல ஓடியது. "மிளகு கொஞ்சம் தூக்கல்" என்றார். அவள் "ஆமாங்க, மிளகுதான்" என்று எழுந்து போய்விட்டாள். மிளகு புதுசா? கறிக்குழம்பில் மிளகு போடாத நாள் உண்டா? அந்த நேரத்தில் தோன்றவில்லை. சோறு தின்று கை கழுவி வெற்றிலை போட்டு, மத்தியானம் படுத்த பிறகுதான் தோன்றியது. தோன்றி, புரண்டு படுத்து, அதைக் கீழே அமுக்கிவிட்டார். இப்போது உருளைக்கு முன்னால் நிற்கும்போது மறுபடியும் மேலே வந்து மிதக்கிறது. என்னத்தைப் போட்டிருப்பாள்?

முன்பக்கத்தில் அவள் குரல் கேட்டது. கடைக்கும் வறுக்கும் அறைக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர், ஒரு வாசல், அதில் பழைய சேலைத் திரை. அந்தப் பக்கம் தராசும் அரைக்கும் மெஷினும் செங்கமலமும்; இந்தப் பக்கம் உருளையும் மூட்டைகளும் இவரும். இன்றைக்கு அவளிடம் ரிட்டயர்டு தாசில்தார் மாட்டிக்கொண்டிருக்கிறார், அல்லது தாசில்தாரிடம் அவள் மாட்டிக்கொண்டிருக்கிறாள். அரைக்கிலோ தூளுக்கு அரைமணி நேரம் பேசுகிற மனுஷர். "காப்பி எண்பது சிக்கரி இருபதுன்னா எண்பதுக்கு இருபதுதாம்மா இருக்கணும். எண்பத்தொண்ணு ஆனாலும் எனக்குத் தலை வலிக்கும்." செங்கமலம் சிரித்தாள். எல்லாரிடமும் சிரிக்கத் தெரிந்தவள். பேசட்டும். பேசிக்கொண்டே இருந்தால் இங்கே வராமல் இருப்பாள். இப்போதெல்லாம் அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒவ்வொரு தடவையும் வறுத்த ஈட்டை இறக்குகிற நேரம் பார்த்து ஒரு தம்ளர் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு திரையை விலக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். "இந்தாங்க, தண்ணி குடிங்க." கழுகுக்கு மூக்கு வேர்த்த மாதிரி, எப்படித்தான் தெரியுமோ, ஒரு நிமிஷம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அவர் காதைத் தீட்டிக்கொண்டு வெடியை எண்ணிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் தம்ளரை நீட்டுவாள். கோபம் வரும். கோபத்தில் கைப்பிடியைச் சரக்கென்று இழுத்து ஈட்டை இறக்கிவிட்டு, தண்ணீரை வாங்கி மடமடவென்று ஊற்றிக்கொள்வார். குடித்த பிறகு பார்த்தால் ஈடு சரியாகத்தான் இருக்கும். நிறமும் மினுமினுப்பும் கையில் உருளும் எடையும், எல்லாம் சரி. காது பழகிவிட்டது என்று அவர் தனக்குத் தானே முதுகில் தட்டிக்கொள்வார். மூக்கு போனால் போகட்டும், அர்த்தநாரிக்குக் காது இருக்கிறது.

பட். ஒன்று வெடித்தது. முகத்தைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து பதினேழரை. சொன்னால் சொன்னபடி. பட், பட்பட், பிறகு சோளம் பொரிகிற மாதிரி உருளை முழுக்க வெடித்தது. முதல் வெடி வந்துவிட்டால் அவருக்கு எப்போதும் மனசு லேசாகும். பள்ளிக்கூடத்தில் கடைசி மணிக்கு முந்தின மணி மாதிரி. கேஸைச் சற்றுக் குறைத்தார். வீட்டுக் காப்பிக்கு வறுப்பதென்றால் வெடி அடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இறக்கிவிடலாம், கண்ணே போதும். இது வீட்டுக் காப்பிக்கு இல்லை. இது ஸ்டெல்லா டீச்சருக்கு. பேர்லண்ட்ஸ் பக்கம் கேக் கடை வைத்திருக்கிற அம்மாள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு மாவு பிசைய வந்தவர். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பத்துப் பதினைந்து கிலோ, நன்றாகக் கறுக்க வறுத்தது. கேக் மாவில் தண்ணீருக்குப் பதிலாகக் கெட்டி டிகாக்‌ஷனை ஊற்றுவார், மேலே பூசும் சாக்லேட்டில் தூளாகவே கலப்பார், கறி வைத்தால் இறக்கும்போது அதிலும் அரை ஸ்பூன். முதல் வருஷம் வந்தபோது அர்த்தநாரிக்குச் சிரிப்புதான் வந்தது, காப்பியைக் குடிக்காமல் தின்கிறார்களே என்று. "காப்பி இருக்குன்னே தெரியக் கூடாதுண்ணா" என்றார் டீச்சர். "ஆனா போடாம விட்டா, என்னமோ ஒண்ணு கொறையுதேன்னு நாக்கு தேடணும். எனக்குக் கசப்பு வேணும், கருகல் வேண்டாம்." அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. கசப்பு வேறு கருகல் வேறு என்று தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கசப்பு கொட்டைக்குள் இருந்து வருவது, அதற்குப் பின்னாலேயே ஒரு இனிப்பு வரும். கருகல் நெருப்பு வைத்துவிட்டுப் போவது, அதற்குப் பின்னால் ஒன்றும் வராது. இரண்டுக்கும் நடுவே அரை நிமிஷம். கசப்பு நாக்கில். கருகல் மூக்கில்.

மூக்கில். அங்கேதான் வந்து முட்டிக்கொண்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் டீச்சருக்கு முதல் தவணை ஐந்து கிலோ போயிற்று. அடுத்த புதன்கிழமை அவரே கடைக்கு வந்தார், கையில் ஒரு சின்னப் பெட்டி. "இந்தத் தூள்ல செஞ்ச கேக்ண்ணா. ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்க." ஒன்றும் விளக்கவில்லை. அர்த்தநாரி ஒரு துண்டை வாயில் போட்டார். இனிப்பு, கசப்பு, மெத்தென்று இருந்தது. "பிரமாதம் டீச்சர்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "நம்ம கொட்டையோட மணம் தனியாத் தெரியுது பாருங்க" என்று வேறு சொன்னார். டீச்சர் பார்த்தார். அந்தப் பார்வை. கரும்பலகையில் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்கும் பையனை டீச்சர் பார்க்கும் பார்வை. திட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. பிறகு செங்கமலத்தைப் பார்த்தார். "அடுத்த ஈடு கொஞ்சம் பாத்து வறுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் அப்படிச் சொன்னார்? பிரமாதம் என்ற பிறகு எதற்குப் பாத்து வறுங்க? கருகியிருந்ததா? கருகியதைத் தின்றுவிட்டு, தன் வாயாலேயே மணம் தெரியுது என்று சொன்னேனா? இரண்டு வாரமாக அந்தத் துண்டு தொண்டையைத் தாண்டவில்லை. அந்த முதல் தவணையை வறுத்த அன்றைக்கு என்ன தப்பு? அன்றைக்கும் இதே உருளை, இதே கேஸ், இதே காது. செங்கமலம் அக்கா மகளுக்கு வளைகாப்பு என்று திருச்செங்கோடு போயிருந்தாள், கடையில் ஆள் இல்லை, முன்னாலும் பின்னாலும் அவரே ஓட வேண்டியிருந்தது. அதனால் கவனம் சிதறியிருக்கலாம். இருக்கலாம். ஆனால் முன்பு எத்தனை தடவை தனியாக ஓடியிருக்கிறார்! மூக்கு இருந்தபோது தெருவில் போய் நின்று ஆளோடு பேசிக்கொண்டிருந்தாலும் அது கூப்பிட்டுவிடும். ஓடிவந்து இறக்குவார். அது அவருக்கு முன்னால் பிறந்தது மாதிரி அவ்வளவு பொறுப்பாக இருந்தது.

வெடி அடங்கியது. இனி மூன்று நிமிஷம் அமைதி. கொட்டை உள்ளுக்குள் வேலை செய்கிற நேரம். கரண்டியில் எடுத்துப் பார்த்தார், பழைய தேக்கு நிறம். மூக்கருகே கொண்டுபோகவில்லை. எதற்கு? ஓசூரில் வேலை பார்க்கும் மகன் இரண்டு வருஷமாகச் சொல்கிறான், சூட்டைத் திரையில் காட்டுகிற புது மெஷின் வாங்கிவிடலாம் என்று. "மூக்கு இருக்கையில மெஷின் எதுக்குடா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தார். இப்போது போய் வாங்கலாம் என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்றால் சொல்ல வேண்டும். சொல்வதில் என்ன? காய்ச்சல் வந்தது, போனது, போகும்போது ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. கொலைக் குற்றமா? மகனிடம் சொல்லலாம். டீச்சரிடம்கூடச் சொல்லிவிடலாம். தாசில்தாரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி, ஒரே வேலையாக முடிந்துவிடும். செங்கமலத்திடம்தான் முடியவில்லை. எத்தனையோ தடவை வாயெடுத்தார். இந்தா புள்ளே, ஒரு விஷயம். இல்லை, அது சாவுச் செய்தி மாதிரி இருக்கிறது. செங்கமலம், கொஞ்ச நாளா எனக்கு. கொஞ்ச நாளா என்ன? அங்கேயே நின்றுவிடும். பெண் பார்க்கப் போனபோது அவள் காப்பித் தட்டை நீட்டினாள். அவர் தம்ளரை எடுத்து, குடிக்காமல், முகர்ந்து பார்த்து, "தூள் எங்க ஊர்ல வாங்குனது, பால் உங்க வீட்டு மாடு, தட்டைத் தொடைச்சது மஞ்சத் துணி" என்றார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். திமிர், வேறென்ன. அவள் கதவுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது. அதற்கு முன்னால் வந்த இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றவள் அன்றைக்குச் சரி என்றாளாம். "இந்த மூக்கைப் பாத்துத்தான் சரின்னேன்" என்று இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவருக்கு வருத்தமாக இருந்தது. கடை போய்விடும் என்றுகூட இல்லை. அவள் எதைப் பார்த்து வந்தாளோ அது இல்லாமல் அவள் முன்னால் நிற்க வேண்டுமே என்று வருத்தமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் மறுபடியும் பெண் பார்க்கப் போவது மாதிரி, இந்தத் தடவை வெறுங்கையோடு.

முன்பக்கம் அரைக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தது. தாசில்தாருக்கு எண்பதுக்கு இருபது. அந்த இரைச்சல் தடுப்புச் சுவரில் ஏறி இந்தப் பக்கம் குதித்தது. அடச்சே, இப்போதா? காதை உருளையோடு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டார். கன்னம் சுட்டது. கடிகாரம் பத்து இருபத்திரண்டு. டிக். வந்ததா, பிரமையா? டிக், டிக்டிக். வந்துவிட்டது. முதல் வெடி மாதிரி இல்லை இது. திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்ட உப்பு பொரிகிற மாதிரி சின்னச் சின்னதாக, நெருக்க நெருக்கமாக. புகை நிறம் மாறியது. எண்ண ஆரம்பித்தார். ஐந்து. பத்து. மெஷின் இரைச்சலில் சத்தம் முங்கி முங்கி எழுந்தது. போன தடவை இருபத்தைந்தில் இறக்கினேனா, முப்பத்தைந்திலா? கரண்டியை விட்டு எடுத்தார். கறுப்பு, எண்ணெய் மினுக்கம். நல்ல கறுப்பா? பதினைந்து. இறக்கிவிடலாமா? இப்போது இறக்கினால் கசப்பு முழுதாக வந்திருக்காது. டீச்சர் நாக்கு தேடும். விட்டால் கருகிவிடும். பதினெட்டு, இருபது. ஏதோ ஒன்று குறைகிறது. என்னமோ ஒன்று இன்னும் வரவில்லை. கை கைப்பிடியில்தான் இருந்தது, ஆனால் இழுக்காமல் எதற்கோ காத்துக்கொண்டிருந்தது. எதற்கு? காது சொல்கிறது, கடிகாரம் சொல்கிறது, பின்னே வேறு யார் சொல்ல வேண்டும்? இருபத்திரண்டு. தண்ணீர் இன்னும் வரவில்லையே என்று ஒரு நினைப்பு ஓடியது. தாகமே இல்லை. தாகமில்லாதவனுக்குத் தண்ணீர் நினைப்பு எதற்கு? கண் திரையைப் பார்த்தது. கடிகாரத்தை விட்டுவிட்டு, உருளையை விட்டுவிட்டு, அந்தப் பழைய சேலைத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. இருபத்தாறு. முன்பக்கம் தாசில்தார் ஏதோ கேட்டார். மெஷின் சட்டென்று நின்றது. ஸ்டூல் ஒன்று சாய்ந்து விழுந்த சத்தம். திரை பிய்த்துக்கொண்டு வருவது போல விலகியது. செங்கமலம் மூச்சு வாங்க நின்றாள், கையில் தம்ளர். "இந்தாங்க, தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க!"

கை தானாகக் கைப்பிடியை இழுத்தது. கொட்டை அத்தனையும் புகையோடு ஆற்றும் தட்டில் கொட்டி, காற்றாடி ஓடி, கிளறும் கை சுற்ற ஆரம்பித்தது. டிக்டிக் என்று கடைசி வெடிகள் தட்டிலேயே வெடித்து ஓய்ந்தன. அவர் ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கறுப்பு, மேலே லேசாக எண்ணெய், கரி இல்லை. சரியாக இருந்தது. எப்போதும் போலச் சரியாக இருந்தது. வேர்த்த நெற்றியைத் துண்டால் துடைத்துவிட்டு, அவள் கையில் இருந்த தம்ளரை வாங்கி அண்ணாந்து வாய்க்கு மேலே சாய்த்தார். ஒன்றும் விழவில்லை. இன்னும் சாய்த்தார். ஒரு சொட்டு இல்லை. தம்ளர் காய்ந்து கிடந்தது. ஓடிவருகிற அவசரத்தில் பானைப் பக்கம் போகாமலே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் தலையை அண்ணாந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். கீழே குனிந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். தம்ளரின் அடியில் அவர் முகம் கோணலாகத் தெரிந்தது, நடுவில் பெரிதாக மூக்கு. அவள் திருச்செங்கோடு போன அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. அந்த ஒரு ஈடுதான் கருகியது. வேறொன்றும் நினைக்க வேண்டியிருக்கவில்லை.

குனிந்தார். அவளும் தம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திருட்டு மாம்பழத்தோடு பிடிபட்டவள் மாதிரி முகம் சிவந்திருந்தது.

"எத்தனை நாளாத் தெரியும்?" என்றார்.

"ஆடிப் பதினெட்டுலருந்துங்க." சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்தாள். "அன்னைக்குப் பால் அடிப்புடிச்சிருச்சு. கீழ கொட்டலாம்னு வெச்சிருந்தேன். நீங்களே எடுத்துக் காப்பி கலந்து குடிச்சிட்டு, நல்லாருக்குன்னு தம்ளரை வெச்சீங்க. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்." பிறகு, கொஞ்சம் கோபமாகவே, "எங்கிட்டச் சொல்றதுக்கு உங்களுக்கு என்னங்க?" என்றாள்.

"மூக்கைப் பாத்துத்தான சரின்ன" என்றார், தட்டில் கிளறும் கையைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா. மூக்கைக் கட்டிட்டுத்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்துனேன்" என்றாள். "அன்னைக்கு அது மஞ்சத் துணியே இல்லைங்க. பச்சை. எல்லார் முன்னாடியும் அப்படி ஒரு திமிராப் பொய் சொல்றாரே, இந்த மனுசன் கூட இருந்தாப் பொழுது போகும்னு நெனச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொள்ளவில்லை. முன்பக்கத்தில் தாசில்தார் "ஏம்மா, எண்பதுக்கு இருபது" என்று குரல் கொடுத்தார். இருவரும் கேட்காதது போல நின்றார்கள்.

"குழம்புல என்ன போட்ட?"

"டீச்சர் சொன்னாங்கன்னு காப்பித்தூள். அரை ஸ்பூன். நம்ம தூளுங்க."

"அந்தக் கேக்கு?"

"கருகல். நானும் ஒரு துண்டு தின்னேன். நாள் பூரா வாயில சுடுகாட்டு வாசம்."

அவர் தலையை ஆட்டினார். சாயங்காலம் டீச்சருக்கு போன் போட வேண்டும், கருகல்தான் என்று சொல்லிவிட்டு, ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். நினைத்துப் பார்த்தால் அவ்வளவு கஷ்டமாக இல்லை. தட்டில் கொட்டை ஆறிக்கொண்டிருந்தது. ஒரு பிடி அள்ளி இரண்டு உள்ளங்கையிலும் வைத்து மூக்கருகே கொண்டுபோனார். இதமான சூடு. வேறொன்றும் இல்லை. கையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"எப்படி இருக்குது?"

இதுவரைக்கும் அவர் அவளிடம் கேட்காத கேள்வி. அவள் குனிந்து, கண்ணை மூடி, ஒரு தடவை இழுத்தாள். போதாமல் இன்னொரு தடவை இழுத்தாள். "நம்ம கல்யாணத்தன்னைக்கு மழை பேஞ்சு வெறகெல்லாம் புகைஞ்சுச்சே, தெரியுதுங்களா? அந்தப் புகை. அதுக்குள்ள யாரோ வெல்லத்தை இளக்கற மாதிரி. அப்புறம்…" நிறுத்தி யோசித்தாள். "புது சைக்கிள் டயரு, கொஞ்சூண்டு. கருகல் இல்லைங்க. கசப்பு வந்திருச்சு, பின்னாலயே இனிப்பும் நிக்குது."

டயரா? முப்பத்தோரு வருஷத்தில் அவருக்கு அதில் ஒரு நாளும் டயர் தோன்றியதில்லை. யோசித்துப் பார்த்தால், ஆமாம், டயர்தான். எப்படித் தவறவிட்டோம்?

கையில் இருந்த கொட்டைகளைத் தட்டில் போட்டார். அடுத்த மூட்டையைப் பிரித்துப் பத்துக் கிலோ நிறுத்து உருளைக்குப் பக்கத்தில் வைத்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முன்பக்கம் போய் விழுந்து கிடந்த ஸ்டூலைத் தூக்கி, தாசில்தாரிடம் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு, அதைக் கொண்டுவந்து உருளைக்கு எதிரே போட்டார்.

"அவரை அனுப்பிட்டு இங்க வந்து உக்காரு" என்றார். "தண்ணி வேண்டாம்."